சனிக்கிழமைக் காலை ஏழு மணி: கலாநிதி பத்மாசனி அம்மையாருக்கு

மண்ணின் குணம் ஆய்ந்த மதியே, மாணாக்கர் மனம் ஆய்ந்த மாண்பே, இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் துறைக்குத் தூணாய் நின்று இன்று பணி ஓய்வு பெறும் கலாநிதி பத்மாசனி அம்மையீர், வணக்கம்.

பரந்தன் உயர் வேளாண் கல்வியகத்தின் மண்ணியல் துறையினராகிய நாங்கள், தங்கள் பட்டங்களையும் பதவிகளையும் அடுக்கி இம்மடலை நிரப்பியிருக்கலாம். அவற்றை இச்சபை அறியும். அறியாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முரசுமோட்டையில் பிறர் தோட்டத்தில் மிளகாய் பிடுங்கும் மீனம்மாவின் மகள் பிரேமிளா. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த அக்குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள். வயல் மண்ணில் உப்பேறுவது பற்றித் தங்களிடம் முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) பட்டத்துக்கு ஆய்வு செய்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன், தம் முதல் ஆய்வரங்கில் ஆங்கிலச் சொல்லொன்று நாவில் இடற, அவர் நின்றுபோனார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் வேறு யாருமல்லர், நாங்களே. அதை மறைத்து இம்மடலை எழுத எங்களுக்கு மனமில்லை.

மறுநாள் பிரேமிளா விலகற் கடிதத்துடன் தங்கள் அறைக்கு வந்தார்.

"எனக்கு ஏலாது, மடம். அம்மாவோட தோட்டத்துக்கே போறன்."

தாங்கள் கடிதத்தை வாசித்து மேசையில் வைத்தீர்கள்.

"சரி பிள்ளை, இது இஞ்ச கிடக்கட்டும். சனிக்கிழமை காலமை ஏழு மணிக்கு ஒருக்கா வந்திட்டுப் போம்."

அதற்கு முன்பே, அமெரிக்காவின் தென்மேற்கில் தாங்கள் ஆய்வு விடுமுறையைக் கழித்த ஆண்டில், அங்கே ஹிஸ்பானிக் என அழைக்கப்படும், ஸ்பானிய மொழிக் குடும்பங்களில் பிறந்த அறிவியல் ஆய்வு மாணவர் சிலருக்கு வழிகாட்டியானீர்கள். ஊர் திரும்பிய பின்னரும் கைவிடாமல், வாரந்தோறும் இணையவழி அவர்களைக் கூட்டி, ஆய்வேட்டைத் திருத்தினீர்கள், அச்சத்தைக் கேட்டறிந்தீர்கள். அவர்களுக்கு வெள்ளி மாலை, தங்களுக்குச் சனி காலை. அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று எங்களில் சிலர் முணுமுணுத்ததும் உண்டு.

அச்சனிக்கிழமை பிரேமிளா திரையின் ஓரத்தில், முகம் பாதி தெரிய அமர்ந்தார். பேசுவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார். அன்று பேச்சு மரிசோல் என்ற மாணவியைப் பற்றியது. அவருடைய பெற்றோரும் பிறர் நிலத்தில் மிளகாய் பிடுங்குபவர்கள். பிடுங்கிய கையோடு கண்ணைத் தொட்டு, சிறுவயதில் நாள் முழுக்க அழுததை மரிசோல் சொன்னபோது, பிரேமிளாவுக்குத் தம்மை அறியாமல் சிரிப்பு வந்தது. அந்த எரிவு அவருக்கும் தெரியும்.

ஆனால் மரிசோல் சிரிக்கும் நிலையில் இல்லை. ஒரே தோட்டத்து மண்ணில் உப்பின் அளவு தாறுமாறாக வந்தது. காரணம் காட்டாவிட்டால் இரண்டு வாரத்தில் வரும் தேர்வில் ஆய்வு நிராகரிக்கப்படும். முதலாண்டு மண்ணை எடுத்தவர் வேறொருவர், அவரும் போய்விட்டார். விலகலாமா என்று தாமும் யோசிப்பதாகக் கூறி, தோட்டத்தின் படங்களைக் காட்டினார்.

பிரேமிளா படத்தை உற்றுப் பார்த்தார். உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்: மண் எடுத்தது வரம்பிலா, வாய்க்காலிலா? நீர் வாய்க்காலில் ஓடினாலும் உப்பு பூப்பது வரம்பின் உச்சியில் அல்லவா? முரசுமோட்டையில் அம்மாவோடு நிரையாய் நடந்தபோது காலுக்கடியில் அவர் கண்ட வெண்மை அது.

"திரும்பச் சொல்லுங்கள்" என்றார் மரிசோல். தம் ஆங்கிலம் மறுபடி தோற்றுவிட்டதெனப் பிரேமிளா நினைத்தார். பிறகுதான் மரிசோலின் கையில் பேனாவைக் கண்டார். அவர் எழுதிக்கொண்டிருந்தார். பிரேமிளா இரண்டாம் முறை நிமிர்ந்திருந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும் தாங்கள் கேட்டீர்கள்: "கடிதத்தை என்ன செய்வம்?"

"தாங்கோ மடம். பின்பக்கம் வெறுமையாக் கிடக்கு, அவாவுக்கு வரம்பைக் கீறிக் காட்டவேணும்."

மரிசோல் வரம்பிலும் வாய்க்காலிலும் மண்ணைத் தனித்தனியே மறுபடி எடுத்தார், தேர்விலும் தேறினார். இன்று அவர் கலாநிதி. அவரது ஆய்வேட்டின் நன்றியுரையில் பிரேமிளாவின் பெயர் உண்டு. பிரேமிளா எங்கள் துறையின் விரிவுரையாளர். அவர் கேட்டதன் பேரில் அந்த இணையக் கூட்டத்துக்குள் நம் பிள்ளைகளும் வந்தனர். நாயாற்று மீனவர் மகன் சுஜிதனின் கட்டுரையை இவ்வாண்டு திருத்திக் கொடுத்தவர் மரிசோல். தாங்கள் ஒருவருக்கு நீட்டிய கையை அவர் இன்னொருவருக்கு நீட்டினார். வேண்டாத வேலை என்று முணுமுணுத்த எங்களில் நால்வர் இப்போது அக்கூட்டத்தில் வழிகாட்டிகள்.

சென்ற வாரம், இனி அக்கூட்டம் என்னாகும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். தாங்கள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "ஓய்வு உத்தியோகத்துக்குத்தானே. என்ர வீட்டிலயும் இணையம் இருக்கு. நீங்கள் நேரத்துக்கு வாங்கோ."

வருகிறோம், அம்மையீர். நோயற்ற உடலும் நூறாண்டு கடந்த வாழ்வும் தங்களுக்கு வாய்க்கட்டும். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னரே வந்து காத்திருப்போம்.

இவ்வண்ணம்,
தங்களிடம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும்
மண்ணியல் துறையினர்,
பரந்தன் உயர் வேளாண் கல்வியகம்.