இரண்டு பேரும் சில குரங்குகளும்

"இனி எப்ப வருவீங்க?" என்று கிருஷாந்தி கேட்டாள்.

"மூணு மாசம் கழிச்சுங்க."

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும் உடைஞ்சா?"

"ஒரு போன் கோல் போடுங்க. அன்னைக்கே வந்துருவேன்."

"இங்க என்னங்க உடையப் போகுது? நல்ல வீடு" என்று சிரித்துவிட்டு, என் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அது நல்ல வீடாக இருந்ததுதான் பிரச்சினை. மற்றபடி நான் தவறு செய்கிற ஆள் அல்ல.

என் பெயர் யோகராஜ். வெளிநாட்டில் இருப்பவர்களின் கண்டி வீடுகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. வாடகை வீட்டில் சொன்ன ஆட்கள்தான் இருக்கிறார்களா, கூடுதலாக யாரும் குடியேறிவிட்டார்களா என்று போய்ப் பார்ப்பேன். யாரையும் குடைந்து கேட்க வேண்டியதில்லை. குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்களை எண்ணினால் போதும். வாசலில் கிடக்கும் செருப்பும் நிறையச் சொல்லும். கிருஷாந்தி வீட்டு வாசலில் ஒரு சோடி ஆண் செருப்பு கிடந்தது. புரட்டிப் பார்த்தேன். அடி தேயவே இல்லை. ஆண் துணை இல்லாத வீடு என்று வெளியே தெரிய வேண்டாமே என்று அவள் அம்மா நல்லம்மா வாங்கிப் போட்டது. பிரஷ்கள் இரண்டுதான். அதைப் பார்த்ததும் ஏனோ எனக்கு மனம் நிறைந்துவிட்டது. குடித்த தேநீரில் இஞ்சி அளவாக விழுந்திருந்ததால் இருக்கலாம்.

எல்லாம் அந்த இஞ்சித் தேநீருக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வேறு காரணம் கற்பிக்கக் கூடாது.

வீடு லேவெல்லப் பக்கம், உடவத்தகலைக் காட்டை ஒட்டிய ஒரு குறுகிய ஒழுங்கையில் இருக்கிறது. குரங்குகள் அந்த வழியாக மின்கம்பியில் போகும், வரும். நிற்பதில்லை. நிற்க அவற்றுக்கு ஒரு காரணம் இல்லை. அடுத்த வாரம் சந்தையில் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழம் வாங்கினேன். புளி வாழைப்பழம் மலிவு. ஆனாலும் ஒருவரை அழைப்பதென்றால் நன்றாக அழைக்க வேண்டும். கிருஷாந்தி பேராதனை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிருந்தாள். நல்லம்மா மதியத் தூக்கத்தில் இருந்தார். நான் பின்மதிலில் ஏறி, சீப்பைக் கூரையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

இரண்டு நாளில் அழைப்பு வந்தது. அன்றே போனேன்.

"சொன்ன மாதிரியே வந்துட்டீங்களே" என்றாள் கிருஷாந்தி.

உடைந்த ஓடுகளை மாற்றினேன். தேநீர் குடித்தேன். போகுமுன் இன்னொரு சீப்பை வைத்தேன்.

"இந்தக் குரங்குகளயும் குடியிருக்கிற ஆளுகளோட சேத்து எண்ணுவீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"பிரஷ் வச்சிருந்தா எண்ணுவேங்க" என்றேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். அந்தத் தேநீர் இன்னும் நன்றாக இருந்தது.

குரங்குகள் சும்மா சொல்லக்கூடாது, பாசமானவை. உறவுகளையும் கூட்டி வந்தன. பக்கத்து வீட்டு லாபிர் நானா கொடியில் காயப்போட்டிருந்த புதுச் சாரம் மின்கம்பியில் போய்ச் சிக்கி, ஒழுங்கை முழுவதும் கரண்ட் போனது. எதிர்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை மெழுகுதிரியோடு சேர்த்துக் கொண்டுபோயின. நான் யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. பழம் மட்டும்தான் வைத்தேன்.

ஒழுங்கைக்காரர்கள் குரங்கு விரட்டும் சங்கம் ஒன்று தொடங்கி, கூப்பிட்டதும் ஓடி வருகிற ஆள் என்று என்னையே தலைவராக்கினார்கள். மறுப்பது மரியாதையாக இருக்காது. குரங்குகளுக்குச் சாப்பாடு கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டத்தில் விளக்கிப் பேசினேன். மாலை போட்டார்கள். திரும்பும் வழியில் அதைக் குரங்குகளுக்குக் கொடுத்தேன்.

லாபிர் நானாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "தம்பி, எங்களக் கண்டா பாயுற கொரங்கு ஒங்களக் கண்டா ஓடி வந்து பக்கத்துல குந்துதே?"

"பழகிட்டேன் நானா" என்றேன். அது உண்மை.

அந்தக் கலவரத்தில் வாசல் செருப்பில் ஒன்று காணாமல் போனது. நானே புதுச் சோடி வாங்கிப் போட்டேன். அளவு தெரியாததால் என் காலில் போட்டுப் பார்த்து வாங்கினேன்.

பிறகு கனடாவில் இருந்து வீட்டுக்காரர் சண்முகநாதன் அழைத்தார். "தம்பி, உந்தக் குரங்குகளோட இனி ஏலாது. வாடகைக்கு இருக்கிற ஆக்களை எழுப்பிப்போடுங்கோ. வீட்டை வித்துப்போடுவம்."

படி ஏறாமல் நுழைகிற வாடகை வீடு கண்டியில் எளிதில் அகப்படாது. நல்லம்மாவுக்கு முழங்கால் வளையாது. ஹேவாஹெட்டவில் இருந்து வந்து, தேடி அலைந்து பிடித்த வீடு அது.

வீட்டைக் காலி செய்யும்படி சொல்ல என் மேலாளர் ஃபாஸில் சேரோடு நானும் போனேன். விஷயம் முன்பே தெரிந்து, கிருஷாந்தி பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "எப்பக் கூப்பிட்டாலும் வந்தீங்க. மறக்க மாட்டோம்" என்றாள். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குரங்கு என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அல்லாஹ்வே! இதெல்லாம் ஒங்கட வேலயா யோகராஜ்?"

"ஆமா சேர்."

"என்னத்துக்கு?"

"டீ நல்லா இருந்துச்சு சேர்."

ஃபாஸில் சேர் வெளியே போய்த் தொலைபேசியில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். "வீட்ட விக்க மாட்டாராம். இவங்க இருக்கலாம். ஒடஞ்ச ஓடுகள்ட காசு ஒங்கட சம்பளத்துல. ஆனா ஒன்டு, இனி இந்த வீட்டுக்கு வேற ஆள்தான் வருவாரு. நீங்க இந்தப் பக்கமே வரப்படாது."

நியாயமான தண்டனை. தலையாட்டினேன். ஆனால் கால்கள் வாசல் பக்கம் நகரவில்லை.

கதிரையில் உட்கார்ந்திருந்த நல்லம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீக்காகவா தம்பி இவ்வளவும்?"

"ஆமாங்கம்மா."

"அந்த டீய போட்டது நான். இவளுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது."

நான் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். நல்லம்மா விடவில்லை.

"கொரங்குக்கு வச்ச சீப்புல ஒன்ன, ஒரு தட்டுல வச்சு முன்வாசல் வழியா கொண்டாந்திருக்கலாம்ல? ஊரு ஒலகத்துல அப்படித்தானே வருவாங்க?"

"நானும் அந்தச் செருப்பு அளவப் பாத்ததுல இருந்து காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று கிருஷாந்தி பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அதிலிருந்து ஒரு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

பழக்கதோஷத்தில் அன்றைக்கும் பையில் ஒரு சீப்பு இருந்தது. யன்னலில் இருந்த குரங்கு கையை நீட்டியது. நான் யன்னலைச் சாத்திவிட்டு, சீப்பைத் தட்டில் வைத்து, நல்லம்மாவுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அம்மா, கிருஷாந்திய எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"