ஏழு கோட்டு மடைக்கல்

எல்லாரும் வந்தாச்சா? வராதவன் வரமாட்டான், விடு. இந்த மடைக்கல்லச் சுத்தி உக்காருங்க. கதைக்கு நடுவுல 'உம்' கொட்ட வேணாம். வாயத் தொறக்காம இருக்கிறதுலதான் நம்ம ஊரு கெட்டிக்கார ஊராச்சே, அப்படியே இருங்க.

இந்தக் கம்மாய்க்குக் கரை ஒசத்தாத காலம். வெள்ளக்காரக் கம்பெனிக்காரன் வந்து கோட்டையெல்லாம் இடிச்சுப்போட்டு, துப்பாக்கி செய்யிறவனுக்குத் தூக்குன்னு தண்டோரா போட்ட காலம். அப்ப இதே செவ்வூரணியில வைரவ ஆசாரின்னு ஒருத்தரு இருந்தாராம். எங்க பாட்டனுக்குப் பாட்டன், அவருக்கும் பாட்டன். இன்னைக்கு நான் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறேன்ல, அதே இடத்துலதான் அவரு உலை. சம்சாரம் பேரு தைலம்மை. அவரு சுத்தி பிடிப்பாரு, அந்தம்மா துருத்தி ஊதும்.

ஊருக்குள்ள ஒரு பெரிய வீடு. அதுல ஒரு ஜமீந்தாரு. பேரு வேணாம், சொன்னா வாய் கொப்பளிக்கணும். ஒரு நாளு ஆசாரியக் கூப்பிட்டு விட்டாராம்.

"ஆசாரி, தோட்டத்துல பன்னித் தொல்லை தாங்கல. நம்ம நாட்டுத் துப்பாக்கி எட்டத்துல சுட்டா குண்டு திசைக்கொண்ணாப் போகுது. வெள்ளக்காரன் ஒருத்தன் கையில பாத்தேன். குழலுக்குள்ள முறுக்குக் கோடு வெட்டியிருக்கான். குண்டு சுத்திக்கிட்டே போயி வச்ச குறியில விழுகுது. அதே மாதிரி ஒண்ணு எனக்கு வேணும்."

"சாமி, தூக்குன்னு தண்டோரா போட்டிருக்கே..."

"பன்னிக்குத்தானப்பா. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல! இந்த ஒத்தை வார்த்தையில எத்தனை குடி நாசமாப் போச்சு தெரியுமா?

வீட்டுக் கொல்லையில கீத்து மறைப்பு கட்டி வேலைய ஆரம்பிச்சாராம். தொடை மொத்தத்துக்கு ஒரு வேலமரக் கட்டை. அது மேல கொடி சுத்துன மாதிரி முறுக்குப் பள்ளம். கட்டை முனையில ஒரு நீளக் கம்பி, கம்பி நுனியில வெட்டுற உளி. கட்டை எப்படித் திரும்புதோ, அப்படியே குழலுக்குள்ள வெட்டும் திரும்பும். ஆசாரி தள்ள, தைலம்மை இழுக்க. அவரு தள்ள, அந்தம்மா இழுக்க. ஒரு இழுப்புக்கு ஒரு மயிரிழை இரும்புதான் உதிருமாம். ஒரு கோட்டுக்கு மூணு நாளாச்சுன்னு சொல்லுவாக.

எத்தனை கோடு? வெள்ளக்காரன் துப்பாக்கியில எட்டு. எங்காளு கட்டையிலயும் குழல்லயும் வெட்டுனது ஏழு. ஏன்னா எங்க குலசாமி ஏழு கன்னிமாரு. கலப்பைக்குக் கொழு அடிச்சாலும் சரி, கதிரருவா அடிச்சாலும் சரி, ஏழு பேரச் சொல்லி ஏழு தட்டுத் தட்டாம நாங்க வேலை தொடங்குறதில்ல. நான் இன்னைக்கும் மொத ஏழு கம்பிய எண்ணித்தான் வெட்டுறேன். அதே மாதிரி ஒரு கன்னிக்கு ஒரு கோடு. ஏழு கோடு, ஏழு பேரு.

சாமி பேரச் சொல்லி வெட்டுன குழல எவன் கையில குடுக்கிறோம்னு யோசிக்கல பாருங்க. அதான் அவரு செஞ்ச தப்பு. எங்க பாட்டன்னாலும் தப்பு தப்புதான்.

அந்த வருசம் மழை ஏமாத்திப்புருச்சு. கம்மாயில கால்வாசித் தண்ணி. மடையத் தொறந்து அடைக்கிற நீர்பாய்ச்சி ஒருத்தன் இருந்தான், பூமாலைன்னு பேரு. "என் வயலுக்கு மட்டும் விடு"ன்னு ஜமீந்தாரு சொன்னாராம். "கடைசி வயலு வரைக்கும் போகணும் சாமி, அதான் முறை"ன்னுட்டு மடையில எறங்கித் தொறந்துட்டான். முங்கி எந்திரிச்சான். டம்முன்னு ஒரு சத்தம். மடையிலயே சாஞ்சுட்டான். சுட்டவன் நின்ன இடம் எது? பெரிய வீட்டு மாடி மேல! அம்புட்டுத் தூரம்!

பட்டப்பகலு. வயக்காட்டுல அறுபது பேரு. அறுபது பேரும் என்ன சொன்னாக? "நாங்க பாக்கல." ஏப்பா, இத எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?

பழி யாரு மேல விழுந்துச்சு? பூமாலை மச்சான் சோணை மேல. முந்தின வாரம் ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறாம். அவன் துப்பாக்கி வச்சிருந்தான்னு பெரிய வீட்டு ஆளுக சாட்சி சொல்ல, கம்பெனிக்காரன் சோணையக் கட்டி இழுத்துட்டுப் போயிட்டான். எட்டு நாளுல விசாரணை. அது முடிஞ்சா தூக்கு.

பூமாலை பொண்டாட்டி நேரா ஆசாரி வீட்டுக்கு வந்தா. முந்தானையில முடிஞ்சிருந்த குண்ட அவுத்துக் காட்டுனா. வைத்தியரு சதையக் கீறி எடுத்துக் குடுத்தது.

"அண்ணே, ஈயம்தானண்ணே இது? சுத்திலும் ஏன் வரி வரியாக் கெடக்கு?"

அந்தக் குழலுக்குள்ள குண்டச் சுத்தியால தட்டித்தான் எறக்கணும், அம்புட்டு இறுக்கம். உள்ள இருக்க வெட்டு குண்டு மேல பதிஞ்சுரும். ஆசாரி வெரல வச்சு எண்ணுனாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. ஏழு கோடு, ஏழு பேரு.

நேரா கொல்லைக்குப் போனாரு. முறுக்குக் கட்டையத் தூக்கியாந்து உலையில வைக்கப் போனாரு. தைலம்மை கையப் பிடிச்சுருச்சாம்.

"எதுக்கு எரிக்கிற?"

"இது இருந்தா என் கழுத்துக்குக் கயிறுடி."

"இது எரிஞ்சா சோணை கழுத்துக்கு. ஏழு பேரையும் கூப்பிட்டுத்தான வெட்டுன? நானுந்தான இழுத்தேன்? கூப்பிட்டப்ப வந்தவளுகளுக்கு இப்ப என்ன பதில் சொல்லப் போற?"

ஆசாரி அழுதாராம். பயந்துதான் அழுதாரு. அதுல என்ன கேவலம்? நமக்கும்தான் பயம். ஆனா அவரு அழுதுட்டு எந்திரிச்சாரு. அந்த வேலமரக் கட்டையத் தோள்ல வச்சுக்கிட்டு விசாரணைக் கூடாரத்துக்கு நடந்தாரு.

"தொரை, அந்தத் துப்பாக்கிய நான்தான் செஞ்சேன். பெரிய வீட்டுக்குச் செஞ்சேன்"ன்னாரு.

ஜமீந்தாரு சிரிச்சாராம். "என்கிட்ட அப்படி ஒரு துப்பாக்கியே இல்ல. ஆசாரி கள்ளக் குடிச்சிட்டு ஒளர்றான்." எப்படி இருக்கும்? அதான் கெணத்துல போட்டாச்சே!

ஆசாரி கட்டைய நிமித்தி வச்சாரு. குண்ட அது தலையில வச்சாரு. "எண்ணிப் பாருங்க தொரை. உங்க ஊருத் துப்பாக்கியில எட்டு. குண்டுல ஏழு, கட்டையில ஏழு." தொரை எண்ணுனான். மறுபடி எண்ணுனான். பெரிய வீட்டச் சோதிச்சுட்டு, அங்க இருந்த கெணத்தையும் எறைக்கச் சொன்னான். சேத்துக்குள்ள கெடந்துச்சு குழலு. அதுலயும் ஏழு.

சோணைய அவுத்து விட்டாக. ஜமீந்தாருக்கு என்ன தண்டனை? கேளுங்க, கேட்டு வயிறு எரியுங்க. 'பன்னின்னு நெனச்சுச் சுட்டுட்டேன்'னு ஒரு ஓலை எழுதிக் குடுத்தாரு. அம்புட்டுத்தான்! வீட்டுக்குப் போயி கறிச்சோறு தின்னாரு. எங்க பாட்டன? தூக்குக்குப் பதிலா நாடு கடத்துறோம்னு விலங்கு மாட்டிக் கப்பல்ல ஏத்துனாக. எந்தக் கரையில எறக்குனாகன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவருக்குத் தெவசம் குடுக்க எங்களுக்கு ஒரு நாளு கெடையாது.

தைலம்மை அழுகல. உளியும் சுத்தியும் எடுத்துக்கிட்டு, பூமாலை செத்து விழுந்த மடைக்குப் போச்சு. இந்தக் கல்லுல ஏழு கோடு வெட்டுச்சு. வேடிக்கை பாத்த அறுபது பேரையும் பாத்து, "இனிமே இந்த ஊருல பாத்ததப் பாத்தேன்னு சொல்றவன் இதுல கைய வச்சுச் சொல்லட்டும். சொல்லப் பயந்தவன் இந்த மடைத் தண்ணியக் குடிக்காம இருக்கட்டும்"னுச்சாம். அன்னையில இருந்துதான் சாட்சின்னா இந்தக் கல்லுல கைய வைக்கிறோம். அதனாலதான் இது ஏழு கோட்டு மடைக்கல்லு.

போன செவ்வாக்கிழமை, சத்துணவு சமைக்கிற மாரியக்கா மகன் முனீஸு பைக்குல போறப்ப மண்ணு லாரி அடிச்சுப் போட்டுட்டுப் போச்சு. யாரு லாரின்னு ஒங்களுக்குத் தெரியும். டீக்கடை பெஞ்சுல பதினோரு பேரு. போலீசு வந்து கேட்டப்ப, 'வண்டி சறுக்கி அவனா விழுந்தான்'னு பதினோரு பேரும் ஒரே வாயாச் சொன்னாக.

தலையக் குனியாதீங்கய்யா. ஒங்களத் திட்ட நான் வரல. அந்தப் பதினோராவது ஆளு நான்தான். அந்த லாரிக்காரன் வீட்டுக்குத்தான் நான் இப்ப கேட்டு செய்யிறேன். மொத ஏழு கம்பிய எண்ணி வெட்டுறப்ப, மூணாவது கன்னி பேருக்கு மேல எனக்கு வாயில வரல.

இந்தா, கல்லுல கைய வச்சுட்டேன். நான் பாத்தேன். மாரியக்கா, ஒம் மகன் சறுக்கி விழுகல.

அடுத்த கை யாரு கை?