வயிற்றில் இலை வரைந்த விமானம்

ஒரு விமானத்தைப் பத்தி உங்ககிட்ட ஒரு குட்டிக் கதை சொல்லணும். பயப்படாதீங்க... கதை முடியுற வரைக்கும் அது பறக்கவே பறக்காது!

கார்முகில் ஏர்லைன்ஸ்னு ஒரு கம்பெனி. நான் வச்ச பேருதான். பேர்லயே புகை இருக்குல்ல? அதோட தலைவர் தீனதயாளன். கம்பெனியில பெரிய பங்கு வச்சிருக்கிறவங்களை எல்லாம் ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னார். ஓட்டல்ல இல்ல... நின்னுட்டிருக்கிற விமானத்துக்குள்ளயே கூட்டம்! வெளியே வயித்துப் பக்கம் பெருசா ஒரு பச்சை இலை வரைஞ்சு வச்சிருக்கார். ஏன்? அவர் தலைவரா நீடிக்கலாமா வேணாமான்னு அன்னைக்குச் சாயங்காலம் ஓட்டு.

வந்தவங்கள்ல ஒருத்தர் சுகந்தி மேடம். வாத்தியார்களோட ஓய்வுக்காலச் சேமிப்பைப் பார்த்துக்கிறவங்க. ஆமா டீச்சர், உங்கள மாதிரி ஆளுங்க காசுதான் இந்தக் கம்பெனியில பங்கா இருக்கு! புகையைக் குறைங்கன்னு வருஷக்கணக்கா கேட்டுட்டே இருக்காங்க. காலையில அவங்க மேலதிகாரி போன்ல சொல்லிட்டார்: "இங்க பாரும்மா... பிடிக்கலன்னா பங்கை வித்துட்டு வந்துடு. வம்பு பண்ணி அது தப்பாப் போச்சுன்னா, உன் நாற்காலிக்கு நான் பொறுப்பில்ல."

வெளியில சித்திரை வெயில். உள்ள ஊட்டி! தீனதயாளன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே... தரையில நிக்கும்போது எங்க விமானம் ஒரு சொட்டு எரிபொருள் குடிக்காது. ஒரே ஒரு சொட்டு கூட!"

படபடன்னு கைதட்டல். சுகந்தி மேடம் மட்டும் தட்டல. ஏன்? அவங்க சீட்டு... லேசா அதிருது.

"சார், இந்தக் குளிர் எங்கிருந்து வருது?"

"ஏசியில இருந்துதான் மேடம்!" எல்லாரும் சிரிச்சாங்க.

"ஏசி எதுல ஓடுது?"

"தரையில இருந்து ஒயர் போட்டிருக்கோம்."

"இறங்கிப் பார்க்கலாமா?"

சிரிப்பு நின்னுச்சு. யோசிங்க... ஒயர் மட்டும் இருந்துட்டா? மேடம் கதை முடிஞ்சது. வேலையும் போச்சு, இனிமே அவங்க கேக்குற கேள்விக்கு மதிப்பும் போச்சு. ஒவ்வொரு படியா இறங்குறாங்க. பின்னாடியே எல்லாரும்.

ஒயர் இருந்துச்சா?

இருந்துச்சு... தரையில, சுருட்டி வச்ச பாம்பு மாதிரி! வால்ல இருக்கிற குட்டி எஞ்சின் 'ங்ங்ங்'னு எண்ணெயைக் குடிச்சுட்டு அனல் கக்குது.

"யார்யா ஒயரைப் பிடுங்கினது?" தலைவர் கத்துறார். பக்கத்துல நின்ன மேலாளர் மெதுவாச் சொன்னார்.

"சார்... நீங்கதான் சார். ஒயரும் குளிர்காத்துக் குழாயும் போட்டோவுல இலையை மறைக்குது, எடுத்துடுன்னு காலையில..."

தீனதயாளன் முகம் சிவந்து போச்சு. மெதுவா மேடம் பக்கம் திரும்பினார்.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா வித்துட்டுப் போங்க மேடம். உங்க பங்கை வாங்க இன்னைக்கே ஆள் ரெடி."

மேடம் அந்த ஒயர் பக்கத்துல போய் நின்னாங்க.

"தெரியும் சார். ஆனா அந்த ஆள் இந்தக் கேள்வியைக் கேக்க மாட்டார். அதனாலதான் நான் விக்கல. ஒயரை மாட்டுங்க. எந்த ஊர்ல எந்த விமானம் ஒயர் இல்லாம நிக்குதுன்னு மாசாமாசம் எல்லாருக்கும் தெரியுற மாதிரி பட்டியல் போடுங்க. போடுவேன்னு எழுதித் தாங்க... இல்லன்னா சாயங்காலம் என் ஓட்டு உங்களுக்கு இல்ல."

சுத்தி நின்ன மத்த பங்குக்காரங்களைத் தலைவர் பார்த்தார். அவங்க யாரைப் பார்த்தாங்க தெரியுமா? அந்தச் சுருட்டின ஒயரை!

"...எஞ்சினை அணைங்க"ன்னார் தலைவர்.

ஒயரை மாட்டி மறுபடி குளிர் வர்ற வரைக்கும், கோட்டு சூட்டெல்லாம் வேர்வையில ஊறிக்கிட்டே பேசி முடிச்சாங்க. எழுதியும் கொடுத்தார் தலைவர். ஊட்டியில கிடைக்காத கையெழுத்து வேர்வையில கிடைச்சுது!

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? பிடிக்காத இடத்தை விட்டு எழுந்து போறது ரொம்பச் சுலபம். நாம போயிட்டா அந்தச் சீட்டு காலியா இருக்காது... எதையும் கேக்காத ஒருத்தர் வந்து உட்காருவார். அதனால உட்காரணும். உட்கார்ந்து கேக்கணும்.

சரி, ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியா இருங்களேன்... வாசல் பக்கம் ஒரு சத்தம் கேக்குதா? 'ங்ங்ங்'னு?

சுற்றுச்சூழல் மன்றத்தைத் திறந்து வைக்க வந்த நம்ம சிறப்பு விருந்தினர் ஐயாவோட கார். விழா ஆரம்பிச்சதுல இருந்து ஓடிக்கிட்டே இருக்கு. உள்ள ஆள் யாரும் இல்ல... ஐயா ஏறும்போது ஜில்லுன்னு இருக்கணுமாம்!

தலைமையாசிரியர் ஐயா, நீங்க முறைக்கிறது இங்கிருந்தே நல்லாத் தெரியுது. டி.சி. வேணாம் ஐயா, இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நான் போறதா இல்ல.

ஐயா... அந்த எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க. நான் பேச்சை நிறுத்திக்கிறேன்.