மோராக் அம்மா மோசம் போயிட்டா

தலைமைக் கதிரையில் இருக்கும் தம்பி ரொஷான் அவர்களே! டென்மார்க் ஹொல்ஸ்டெப்ரோவின் இந்தச் சின்ன மண்டபத்தில் கூடியிருக்கும் விடியல் சபை உறவுகளே! வணக்கம். எங்கள் சபையின் முதலாவது இரங்கல் கூட்டம் இது. இதுவரை ஏன் ஒன்றும் நடக்கவில்லை? எங்களில் ஒருவரும் சாகமாட்டோம் என்று நம்பினோமே, அதனால்!

சபையின் தாய், ஸ்கொட்லாந்து தந்த மோராக் சிங்கிளேயர் அம்மையார் பெரிய மனுசி. அதை நான் மறைக்கமாட்டேன். தொழிற்சாலை மூடப்பட்டு, வேலையில்லாமல் முடங்கிக் கிடந்த குளிர்காலத்தில் எங்கள் கதவைத் தட்டியவர் யார்? அம்மா! எங்கள் பிள்ளைகளின் பெயர்களை ஒரு பிழையுமில்லாமல் பாடமாக்கியவர் யார்? அம்மா! இடியப்பத்தைக் கையாலே குழைத்துச் சாப்பிட்டபடி, "விடியலின் வீட்டில் எவருக்கும் சாவில்லை" என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். பதினாலு வருசமாய் அதைத் தமிழாக்கிச் சொன்னது இந்தக் கிறிஸ்துநாயகத்தின் வாய்.

சாவு, செத்தது என்ற சொற்களைச் சபை தடைசெய்தது. "முன்னாலை போயிட்டினம்" என்றுதான் சொல்லவேணும். செத்தவீட்டுக்கும் போகக்கூடாது. ஆறு வருசத்துக்கு முன் என் மனைவி அமலராணி புற்றுநோயால் கண்மூடினா. மகள் அன்னா ஓடிவந்து, "ஃபார், மோர் எர் டோ" என்று டெனிஷிலை கத்தினாள். அப்பா, அம்மா செத்துப்போனா! தமிழிலை அதைச் சொல்ல நான் விட்டதில்லையே! அடக்கத்துக்கு அவள் தனியாகப் போனாள். அந்த நேரம் நான் எங்கே நின்றேன்? இதே மைக்குக்கு முன்னாலை, அம்மாவுக்குப் பக்கத்திலை, ஒருவருக்கும் சாவில்லை என்று தமிழாக்கிக்கொண்டு நின்றேன்!

போன கிழமை அம்மாவை அடக்கம்செய்ய ஸ்கொட்லாந்துக்குப் போனேன். சேமக்காலையில் அவவின்ரை தம்பி ஒரு கல்லறைக் கல்லைக் காட்டினார். பெயரும் பிறந்த வருசமும் வெட்டி, மற்ற வருசத்துக்கு இடம் விட்டிருந்தது.

"புதுக்கல்லோ?" என்றேன்.

"இல்லை, அக்காவே சொல்லி வெட்டுவிச்சவ. பதினொரு வருசமாச்சு."

ஐயோ, பதினொரு வருசம்! என்ரை அமலி கண்மூடேக்கை அந்தக் கல் அங்கை நிண்டிருக்கு! தனக்குக் குழி பார்த்து வைச்ச மனுசி, என்ரை மனுசிக்கு ஒருபிடி மண் போட என்னை விடேல்லையே! நானும் அதைக் கேட்டு நிண்டனே!

தம்பி ரொஷான், நிப்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டாதை. இருக்கமாட்டன். உரை கேட்டனீங்கள், சொல்லுறன். எங்கடை ஊரிலை செத்த ஆக்களை மோசம் போயிட்டினம் எண்டு சொல்லுறது. ஏமாந்த ஆக்களையும் அப்படித்தான் சொல்லுறது. மோராக் அம்மா மோசம் போயிட்டா. நாங்களும் மோசம் போயிட்டம்!

அம்மாவின்ரை பணியைத் தொடர உறுதியெடுக்கச் சொல்லி நோட்டீசிலை போட்டிருக்கு. என்னாலை ஏலாது. எனக்கு மிச்சமிருக்கிற பணி ஒண்டுதான். நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு அமலியின்ரை குழிக்குப் போறன். எந்த வரிசை எண்டும் எனக்குத் தெரியாது, அன்னாதான் காட்டவேணும். விரும்பின ஆக்கள் பூவோடை வாங்கோ. அந்த இடத்திலை என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு, "அம்மா செத்துப்போனா, பிள்ளை" எண்டு தமிழிலை சொல்லப்போறன்.