செத்தவரின் லைசென்ஸ்

“அவர்தான் செத்துட்டாரே, லைசென்ஸை மாத்தினா யாரு கேக்கப் போறாங்க?”

வேளச்சேரி ரயிலில், மடியில் லேப்டாப் வைத்திருந்த பெண்ணிடம் பக்கத்திலிருந்தவன் சொன்னான். அவள் நிமிரவில்லை.

“அவர் எழுதின சாஃப்ட்வேர் கோடு, அதை எப்படி எடுத்துக்கலாம்னு அவர் வெச்ச லைசென்ஸோடதான் இருக்கும். தனி ஃபோல்டர்ல போட்டுட்டேன்.”

“ஓப்பன் சோர்ஸ்னா யாரு வேணா எடுத்துக்கலாம்ல?”

“அவர் சொன்ன மாதிரி எடுத்துக்கலாம்.”

“ப்ராஜெக்ட் முழுக்க ஒரே லைசென்ஸ் இருந்தாதான் நமக்கு ஈஸி.”

“அப்ப அந்தக் கோடை நீயே புதுசா எழுது.”

“அதெல்லாம் யாரால முடியும்? ஃபைல் மேல இருக்கற அவர் பேரையும் லைசென்ஸையும் மட்டும் தூக்கிடலாம்.”

திருமயிலை வந்தது. அவள் எழுந்து லேப்டாப்பை அவனிடம் நீட்டினாள்.

“உன் லாகின்ல போய்த் தூக்கு. தூக்கினது யாருன்னு ப்ராஜெக்ட் ஹிஸ்டரில உன் பேரு பதிவாகும். நீ செத்தப்புறமும் இருக்கும்.”

அவன் கையை நீட்டவில்லை.