ஊன்றுகால்

எங்கள் ஃபாரோத் தீவுகளில் காற்று சொன்ன பேச்சைக் கேட்காது. பெனால்டிக்கு வைத்த பந்து தானாக உருண்டு போய்விடும். அதனால் ஒருத்தி உதைக்க ஓடிவரும்போது, அதே அணிப் பெண் இன்னொருத்தி தரையில் குப்புறப் படுத்து விரல்நுனியால் பந்தைப் பிடித்துக்கொள்வாள். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

விசாரணைக் குழு அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் கேட்டது. நான் ஒரு வாரம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான நார்டிக் கோப்பை அந்த ஆண்டு எங்கள் தீவில் நடந்தது. நான்தான் எங்கள் அணியின் பயிற்சியாளர். கோல்கீப்பர் தூரி. ஒன்பது வயதிலிருந்து நான் பழக்கிய கைகள் அவளுடையவை. போட்டி தொடங்குமுன் வந்து சொன்னாள்.

"கோச், அடுத்த வருஷம் டென்மார்க்குக்கு ஆடப்போறேன். கூப்பிட்டிருக்காங்க."

"இங்க என்னம்மா குறைச்சல்?"

"தோக்குறதைத் தவிர இங்க வேற என்ன இருக்கு, கோச்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். ஏறிவந்த ஏணியை எட்டி உதைக்கிற சிரிப்பு. வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினேன். உறுதியான கை.

கடைசி ஆட்டம் பின்லாந்துடன். முடிய இரண்டு நிமிடம், இரு பக்கமும் கோல் இல்லை, எங்களுக்குப் பெனால்டி. காற்றோடு மழையும் சேர்ந்துகொண்டது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து தூரியை அழைத்தேன்.

"உன் கைதான் நடுங்காது. நீ போய்ப் பிடி."

"சரி, கடைசியா உங்களுக்காக ஒண்ணு பண்றேன்."

வழக்கமாக உதைப்பவள் வலதுகால்காரி. அவளுடைய ஊன்றுகால், அதாவது உதைக்கும்போது உடம்பைத் தாங்கும் இடதுகால், பந்துக்கு இடப்பக்கம் விழும். பிடிப்பவள் வலப்பக்கம் படுக்க வேண்டும். தூரி அப்படியே படுத்து, மழைக்கு முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் உதைக்கிற ஆளை மாற்றினேன். மார்யுன் இடதுகால்காரி. பதினைந்து வயது, சொன்னதைச் செய்கிறவள்.

"கீழ பாக்காத. மூலைய மட்டும் பாரு."

அவள் பார்க்கவில்லை. ஓடிவந்த வேகமும் உடம்பின் எடையும் சேர்ந்து தூரியின் மணிக்கட்டில் இறங்கின. பந்து உள்ளே போனது. நாங்கள் வென்றோம்.

அவசரத்தில் நேர்ந்த இடவலக் குழப்பம் என்று குழு எழுதிக்கொண்டது. மார்யுன் அதன்பின் பந்தைத் தொடவில்லை. தன் தப்பு என்றே நினைத்துக் குமைகிறாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழப்பம் எதுவும் இல்லை. எந்தக் காலுக்கு எந்தப் பக்கம் என்பதை இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

தூரியின் கை இப்போது மடங்குவதில்லை. டென்மார்க்காரர்கள் ஒரு பூங்கொத்து அனுப்பினார்கள், அதோடு சரி. மீன் ஆலையில் இடது கையால் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். ஞாயிறுதோறும் எங்கள் ஆட்டத்துக்கு வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறாள். பாருங்கள், எங்கேயும் போகவில்லை. இந்தத் தீவின் மேல் தனக்கு எவ்வளவு பாசம் என்று அப்போது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.