எமிலி அம்மாவின் பூக்கள் விழுந்த இடம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களே, கணவர் லோறன்ஸை இழந்து நிற்கும் தங்கை இமெல்டா, முன்வரிசையில் இருக்கும் எமிலி அம்மா, நாம் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டின் பெப்ரவரிப் பனியிலும் குரோருட் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த உறவுகளே! வணக்கம்.

நான் பிலேந்திரன். பஸ் சாரதி லோறன்ஸோடு பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவன். அவரோடு சேர்ந்து ஒரு சின்ன வள்ளம் வாங்கியவன். மீன் பிடிக்கத்தான் வாங்கினோம். அந்த மனுஷன் என்னை மீன் பிடிக்க விட்டாரா?

2001 யூன் மாதம் அவருடைய பஸ்ஸில் ஒரு பூங்கொத்தோடு ஏறினார் எமிலி அம்மா. “ஆருக்கு?” என்று லோறன்ஸ் கேட்டிருக்கிறார். “அப்பாவுக்கு” என்றாராம். 1928இல் இந்த நாட்டுக் கடற்படையின் நீர்விமானம் ஒன்று பலத்த காற்றில் ஃபியோர்டு என்னும் இந்தக் கடல்நீரேரிக்குள் விழுந்தது. விமானியை ஒரு மீனவர் காப்பாற்றிவிட்டார். இயந்திரம் பார்த்தவர் விமானத்தோடு தாழ்ந்து போனார். அவர்தான் எமிலி அம்மாவின் தகப்பன். அன்று இவருக்கு வயது இரண்டு!

அந்த மீனவர் இடத்தைக் குறித்து வைத்திருந்தார். தேவாலயக் கோபுரம் பாறை முனைக்கு நேரே. குட்டித்தீவு வெளிச்சவீட்டுக்கு நேரே. இரண்டு நேர்கோடும் சந்திக்கும் இடம்தான் விமானம் தாழ்ந்த இடம். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் நாற்பது ஆண்டுகளாக எமிலி அம்மா பூப்போட்டு வந்தார். அந்த யூன் தொடங்கி ஆறு கோடையும் எங்கள் வள்ளத்தில் நாங்கள்தான் கூட்டிப்போனோம்.

ஏழாவது கோடையில் லோறன்ஸ் கரையைப் பார்த்தபடி என்னைக் கேட்டார்: “ஐசே, இந்தக் கோயில் அப்பவும் உதிலைதான் இருந்ததோ?”

“விசர்க்கதை கதையாதையும். கோயில் நடந்தோ போகும்?” என்றேன்.

“எங்கட ஊரிலை கோயிலைத் தள்ளிக் கட்டினாப் பிறகு, பழைய குறிப்பிலை வலை போட்ட ஆக்கள் எல்லாம் கல்லிலை கிழிச்சுக்கொண்டு வந்தவையல்லோ?”

அதற்குப் பிறகு அவருக்கு ஏது ஓய்வு? லீவு நாளெல்லாம் நூலகத்தில் பழைய படங்களோடு கிடந்தார். அந்தத் தேவாலயம் முப்பதுகளில் எரிந்து, பிறகு தள்ளி மேட்டில் கட்டப்பட்டிருக்கிறது. பழைய அத்திவாரத்தைச் சவக்காலைக்குப் பின்னால் அவரே கண்டுபிடித்தார். ஒக்ரோபரில், குளிர்காலத்துக்கு வள்ளத்தைக் கரையேற்ற முன்னர் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அரை மைல் தெற்கே! நாற்பது ஆண்டுப் பூவும் விழுந்தது வேறு இடத்தில்!

“இந்த வயசிலை அந்த மனுசிக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?” என்று என்னிடமே கேட்டார். அந்தத் தயக்கம் ஏன் என்று எனக்குத் தெரியும். அவருடைய தம்பி மரியதாஸ் ஊரில் கடற்றொழிலுக்குப் போய்த் திரும்பி வராதவன். “அவவின்ர தகப்பன் விழுந்ததை ஒருத்தன் எண்டாலும் கண்டவன். என்ர தம்பியை ஒருத்தரும் காணேல்லை” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்!

கடைசி நாட்களில் ஆசுப்பத்திரியில் என் கையைப் பிடித்து, “மே மாசம் வள்ளம் இறக்கேக்கை நீர் சொல்லும்” என்றார். அதுதான் கடைசிக் கதை. இன்று காலையும் அவர் வாசலில் ஹோர்ன் அடிப்பார் என்று யன்னலைப் பார்த்தேன். லோறன்ஸ், உம்மைப்போல் என்னோடு கொழுவிச் சண்டைபிடிக்க இனி ஆர் இருக்கிறார்?

மே மாதம் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்று, அடக்கம் முடிந்ததும் எமிலி அம்மாவிடம் இடம் மாறியதையும், லோறன்ஸ் தன் தம்பியை நினைத்துக் கலங்கியதையும் சொல்லிவிட்டேன்.  

 அவர், “லோறன்ஸின் தம்பிக்கு என்ன பெயர்?” என்று கேட்டார். சொன்னேன். “அப்படியென்றால் இவ்வளவு காலமும் போட்ட பூவெல்லாம் மரியதாசுக்கே போயிருக்கட்டும்” என்றார்.

உறவுகளே! உங்கள் முன்னால் சொல்கிறேன். மே மாதம் முதல் ஞாயிறு வள்ளம் இறங்கும். தங்கை இமெல்டா, நீங்களும் வர வேண்டும். முதலில் தெற்கே போவோம். எண்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு தகப்பனுக்கு மகளின் பூ போய்ச் சேரட்டும். திரும்பும்போது பழைய இடத்திலும் வள்ளத்தை நிறுத்துவோம். நான் இருக்கும்வரை ஒவ்வொரு கோடையும் நிறுத்துவோம். அங்கேயும் இனி நமக்கு ஒருவர் இருக்கிறார்.